பணிமாற்றத்தின்போது சொந்தக் காரைக் கப்பலில் கொண்டு செல்லலாமா?

கேள்வி:

வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனம் என்னை மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றுகிறது. இரண்டு நாடுகள் பரிசீலனையில் உள்ளன; ஒன்றில் இங்குள்ளதைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன, மற்றதில் வலப்பக்கம். எங்கள் காரை உடன் கொண்டு செல்லலாமா என்று அறிய விரும்புகிறேன். என் மனைவி சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். அவர் நாற்காலியோடு ஏறுவதற்கென்றே தரையைத் தாழ்த்தி, இடப்புறக் கதவில் சாய்தளம் பொருத்தி மாற்றியமைத்த வண்டி இது. அங்கே வேறொன்றை வாங்கி மாற்றியமைக்கப் பல மாதங்கள் பிடிக்கும் என்கிறார்கள். அதுவரை அவர் வெளியே போக வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பிறர் உதவியை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். கப்பலில் அனுப்ப வாங்கிய இரண்டு விலைப்புள்ளிகளில் ஒன்று மற்றதில் ஏறக்குறையப் பாதிதான். எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி:

விலைப்புள்ளிகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த நாடு உங்கள் வண்டியை உள்ளே விடுமா, விட்டால் பதிவு எண் கொடுக்குமா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்குச் சுங்கத்துறையும் இரண்டாவதற்குப் போக்குவரத்துத் துறையும் பதில் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்படாத கார், தயாரிக்கப்பட்டு 25 ஆண்டுகள் ஆகாத வரை, அங்கே நிரந்தரமாக இறக்குமதியாவது மிகக் கடினம். ஆஸ்திரேலியாவில் வண்டியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே இறக்குமதி அனுமதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிரேக் பட்டையிலோ கேஸ்கெட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் சிக்கல், சக்கர வளைவுக்குள் மண்ணோ விதையோ ஒட்டியிருந்தாலும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிபெயர்வோருக்குச் சுங்க வரிச்சலுகை உண்டு. ஆனால் பொதுவாக 12 மாதங்களாவது ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், வண்டியை 6 மாதங்களாவது பயன்படுத்தியிருக்க வேண்டும், கொண்டு சென்ற பின் 12 மாதங்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது.

சலுகை கிடைக்காத இடங்களில் வரியைக் காரின் மதிப்பின் மேல் மட்டும் போடுவார்கள் என்று எண்ண வேண்டாம். கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மேல் கணக்கிடும் நாடுகள் பல. வண்டியின் மேல் கடன் நிலுவையில் இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அதை நாட்டைவிட்டு வெளியே எடுக்க முடியாது.

இரண்டாம் மறுமொழி:

பாதி விலைக்கு வந்த விலைப்புள்ளியை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரைக்குமானதாகத்தான் இருக்கும். இறங்கும் துறைமுகத்தின் கையாளும் கட்டணம், சுங்க முகவரின் கூலி, இலவச நாட்கள் கடந்தபின் நாளுக்கு நாள் ஏறும் இட வாடகை ஆகியவை அதில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வண்டி, ஆவணம் ஒன்றில் சேசிஸ் எண்ணின் ஓர் எழுத்து மாறிப்போனதால் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. அனுப்பிய நிறுவனம் பதிலே சொல்லாமல் இருக்க, வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பதிவுச் சான்று, வாங்கிய ரசீது, பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து அந்த எண்ணை எழுத்தெழுத்தாக நீங்களே ஒப்பிடுங்கள்.

அனுப்பும் முறை இரண்டு. ரோ-ரோ கப்பலில் துறைமுகப் பணியாளர் வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்குவார். செலவு குறைவு, ஆனால் உள்ளே தனிப்பட்ட பொருட்கள் எதையும் வைக்கப் பொதுவாக அனுமதியில்லை, ஆகவே சக்கர நாற்காலி உங்களோடு விமானத்தில்தான் வர வேண்டும். கன்டெய்னரில் வண்டியைக் கட்டைகள் முட்டுக் கொடுத்துப் பட்டைகளால் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள். உங்கள் வண்டியின் தரை தாழ்த்தப்பட்டிருப்பதால், எந்த முறையானாலும் ஏற்றும் சாய்தளத்தில் அடிப்பகுதி உரசும் அபாயம் உண்டு. தரையிலிருந்து உள்ள இடைவெளியை அளந்து முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எரிபொருள் கால் தொட்டிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி.

காப்பீட்டில் கைவைத்துச் சிக்கனம் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். வண்டி முழுவதும் அழிந்தால் மட்டும் பணம் தரும் வகையை எடுத்தால், சாய்தளத்தின் மோட்டார் உடைந்து வந்தாலும் ஒன்றும் கிடைக்காது. எல்லா இடர்களுக்குமான வகையை எடுத்து, மாற்றியமைத்த செலவைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. கப்பலைக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவைச் சரக்கின் உரிமையாளர்களும் பகிர வேண்டும் என்பது பழைய கடல் வணிக மரபு. ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரைதட்டியபோது இது அறிவிக்கப்பட்டது. அத்தகைய நிலையில் பங்குத்தொகைக்கு உத்தரவாதம் கொடுக்காமல் சரக்கை விடுவிக்க மாட்டார்கள். முறையான கடல் காப்பீடு இருந்தால் அந்தப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. மாற்றியமைத்ததற்கான பொறியாளர் சான்று எங்களிடம் உள்ளது. அது அங்கே செல்லுபடியாகுமா?

மூன்றாம் மறுமொழி:

அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இருக்கைப் பிணைப்பு, தரையின் வலிமை, நாற்காலியைக் கட்டும் கொக்கிகள் ஆகியவற்றை அங்குள்ள பரிசோதகர் மறுபடி பார்க்கக் கேட்கலாம். ஆகவே சான்றோடு வரைபடங்களையும் பொருத்திய நிறுவனத்தின் பாக விவரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிக்குத் தனி வரிவிலக்கு உண்டா என்பதையும் தூதரகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இவை அனைத்தையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் சாய்தளம் இருக்கும் பக்கம். இடப்புறக் கதவு இங்கே நடைபாதையை நோக்கித் திறக்கிறது. வலப்பக்கப் போக்குவரத்து உள்ள நாட்டில் அதே கதவு, ஓடும் வண்டிகளை நோக்கித் திறக்கும். உங்கள் மனைவி ஒவ்வொரு முறையும் சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ப ஒளி வீசும் முகப்பு விளக்கை மாற்றிவிடலாம்; ஆனால் தாழ்த்திய தரையோடு இணைந்த பக்கவாட்டுச் சாய்தளத்தை மறுபக்கத்துக்கு மாற்றுவது வண்டியையே பிரித்துக் கட்டுவதற்குச் சமம். அந்த நாடு முடிவானால் காரைக் கொண்டு போகாதீர்கள். பின்கதவில் சாய்தளம் உள்ள வண்டி ஒன்றை நீங்கள் போய்ச் சேருமுன்பே அங்கே வாடகைக்கு ஏற்பாடு செய்யுமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். இடப்பக்க நாடு என்றால் கொண்டு செல்வதில் நியாயம் இருக்கிறது, அப்போதும் வண்டி கடலில் இருக்கும் வாரங்களுக்கு இதே ஏற்பாடு தேவைப்படும். பணிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதைப் பேசிவிடுங்கள்.