தாராவி சமூகக் கூடம்: சோலார் பேட்டரி நிறையவே மாட்டேங்குது

புதுப்பித்துக் கட்டிய கூடம், தகரக் கூரை. 275 வாட், 60 செல் பேனல் இரண்டு, இணையாக. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலைப் பேட்டரியின் வோல்ட்டிலேயே ஓட்டுகிற சாதா சார்ஜ் கன்ட்ரோலர்). 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) ட்யூபுலர் பேட்டரி இரண்டு, தொடராக, மொத்தம் 24 வோல்ட். மார்ச்சிலிருந்து 200 வாட் லோடு இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. பிள்ளைகள் ராத்திரி படிக்கிற இடம், ஆறு மணி நேரமாவது வேணும்.

பேனலைக் கழுவி, டெர்மினல் இறுக்கி, டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றியாச்சு. உச்சிவெயிலிலும் பேட்டரி 26.5 வோல்ட்டைத் தாண்டலை; முழுசா ஏற 28.8 வேணும். பேனலில் போட்டிருப்பது 31 வோல்ட், தகரச் சூட்டில் 27க்கும் கீழே போயிடுது. அதனால் பேனல்களைத் தொடராக்கி எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் கூடுதல் வோல்ட்டைக் குறைத்து அதிக கரண்ட்டாகத் தருவது) மாட்டப்போறோம்.

ஆனால் அமில அடர்த்தி (சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு காட்டுவது) ஒரு பேட்டரியில் 1.24, மற்றதில் 1.17. ஈக்வலைசேஷன் சார்ஜ் (செல்கள் சமமாக, வேணும்னே கொஞ்சம் கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) கொடுத்தால் 1.17 காட்டுகிற பேட்டரி மீளுமா, இல்லை ஜோடியாகவே மாற்றணுமா?