மறு: "மரபணு வெளிப்பாடு கூடுகிறது" – மலேரியா கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஆறாம் படிவ மாணவர்களுக்கான அறிவியல் மலரில் மலேரியா கட்டுரையைச் செப்பனிடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை: "மலேரியா கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் நியூட்ரோபில் மரபணுக்களின் வெளிப்பாடு கூடுகிறது, லிம்போசைட் மரபணுக்களின் வெளிப்பாடு குறைகிறது."

நியூட்ரோபிலும் லிம்போசைட்டும் வெள்ளையணு வகைகள். மரபணு வெளிப்பாடு, அதாவது ஒரு மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பது, நிலைத்துவிட்ட சொல். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் அது ஆய்வு சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இந்த ஆய்வுகளில் உண்மையில் நடப்பது என்ன? குழந்தையிடமிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படி) சிதையாமலிருக்க உடனே ஒரு கரைசலில் சேர்க்கிறார்கள். அப்புறம் அதில் எந்த மரபணுவிலிருந்து எடுக்கப்பட்ட படி எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. ஆகவே கிடைக்கும் படிகள் பெரும்பாலும் வெள்ளையணுக்களிலிருந்தும், எலும்பு மஜ்ஜையை விட்டுப் புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களிலிருந்தும் வருபவை. இளம் சிவப்பணுக்களில் எஞ்சியிருக்கும் குளோபின் (ஹீமோகுளோபினிலுள்ள புரதம்) படிகள் மிக அதிகம். மற்றவற்றை மறைத்துவிடும் என்பதால் பல ஆய்வகங்கள் அவற்றை முதலிலேயே நீக்கிவிடுகின்றன. மலேரியா கண்ட குழந்தையென்றால் இன்னொரு தரப்பும் உண்டு. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே வாழ்வதால் அதன் ஆர்.என்.ஏ.வும் அதே குழாயில் வந்துவிடுகிறது.

இப்போது லிம்போசைட்டுக்கு வருவோம். கடும் மலேரியாக் காய்ச்சலின்போது இரத்த ஓட்டத்தில் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை குறையும். சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவிடும். எண்ணிக்கை குறைந்தால் அவற்றின் மரபணுப் படிகளும் குறையும். எந்த ஒரு லிம்போசைட்டும் தன் வேலையைக் குறைத்திருக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமிச் சத்தம் ஓங்கினால், அடி பலமானதா, உறுமிகள் அதிகமாயினவா என்று தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. "வெளிப்பாடு கூடுகிறது" என்று எழுதினால் அடி பலமானது என்று நாமே தீர்ப்புச் சொன்னதாகிறது.

நியூட்ரோபில் கதை இன்னும் முக்கியம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, காம்பியாவில் பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணியால் மலேரியா கண்ட 46 குழந்தைகளின் இரத்தத்தில் குழந்தையின் ஆர்.என்.ஏ.வையும் ஒட்டுண்ணியின் ஆர்.என்.ஏ.வையும் ஒருங்கே படித்தது. நோய் கடுமையான குழந்தைகளிடம், நியூட்ரோபில் துகள்களில் சேமிக்கப்படும் எம்.எம்.பி.8 போன்ற புரதங்களுக்கான படிகள் உயர்ந்திருந்தன. இந்தத் துகள் புரதங்களை நியூட்ரோபில் தயாரிப்பது மஜ்ஜையில் முதிர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில்தான். முதிர்ந்து இரத்தத்துக்கு வரும்போது அந்தத் தயாரிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். எனவே இரத்தத்தில் அந்தப் படிகள் உயர்ந்தால், மஜ்ஜை அவசரப்பட்டு முதிராத அணுக்களை வெளியே அனுப்புகிறதோ என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். அணுக்களின் கலவை குழந்தைக்குக் குழந்தை மாறுவதையும் ஒட்டுண்ணிச் சுமையையும் கணக்கில் கொண்டே அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அவர்கள் அவ்வளவு கவனமாக இருக்க, நம் தமிழ் வாக்கியம் கவனமில்லாமல் இருக்கக் கூடாது.

என் முன்மொழிவு: படியிருப்பு. கையிருப்பு, நெல்லிருப்பு போல. இரத்தத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. மரபணு வேகமாக இயங்கியதா, அணுக்கள் பெருகினவா, படிகள் மெதுவாகச் சிதைந்தனவா என்ற கேள்விகளைத் திறந்தே வைக்கிறது.

மரபணு வெளிப்பாட்டை அதற்குரிய இடத்தில் வைத்துக்கொள்வோம். பால்சிபாரம் ஒட்டுண்ணியிடம் வார் என்ற மரபணுக் குடும்பம் இருக்கிறது. ஏறத்தாழ 60 மரபணுக்கள். சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதத்தை உருவாக்குபவை அவை. பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும், மற்றவை அடங்கியிருக்கும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பதால் குழந்தையின் எதிர்ப்பாற்றல் ஒட்டுண்ணியைப் பிடிக்கத் திணறுகிறது. அங்கே வெளிப்பாடு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆட்சேபம் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

*

பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். காரணம் ஏற்கத்தக்கது. சொல்தான் நெருடுகிறது. இரத்தம் என்றதும் படிதல் என்றால் அடியில் தங்குவது என்றே மாணவர் எண்ணுவார்கள். செங்குருதியணுப் படிவு வீதம் என்று ஏற்கெனவே ஒரு பரிசோதனை இருக்கிறதே. படியிருப்பை அதன் தங்கை என்று நினைத்துவிடுவார்கள். நகலிருப்பு என்றால் என்ன? அடையாள அட்டைக்கு நகல் எடுக்காத மலேசியர் யார்? எல்லோருக்கும் புரியும்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கு மலேரியா இன்று பாடநூல் நோய். கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901 முதல் சதுப்பை வடித்துக் கொசுவை ஒடுக்கிய மருத்துவர் மால்கம் வாட்சனைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால், தோட்டத்தில் நம் முன்னோர் காய்ச்சலில் மடிந்தது அவர்களுக்குத் தெரியவரும்.

*

செந்தூலிலிருந்து:

ஐயா, வாட்சன் பத்தியை அவசியம் சேர்க்கிறேன். அதோடு நோலெசி என்ற மலேரியா ஒட்டுண்ணி பற்றியும் நான்கு வரி வேண்டும். 2018 முதல் மனித மலேரியா நம் நாட்டுக்குள் தொற்றவில்லை என்ற நிலை வந்தாலும், குரங்கிலிருந்து வரும் நோலெசி சபாவிலும் சரவாக்கிலும் தொடர்கிறது. அதில் பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் காட்டை ஒட்டி வேலை செய்யும் பெரியவர்கள். பால்சிபாரத்தால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் காம்பியாக் குழந்தைகளின் முடிவை நம் காட்டுக்குப் பொருத்திவிடுவார்கள்.

நகலிருப்பை ஏற்கத் தயங்குகிறேன். மரபணுவுக்கே நகல் எண்ணிக்கை உண்டு. ஆல்பா குளோபின் மரபணு நம்மில் பெரும்பாலோருக்கு நான்கு. ஆல்பா தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டில் ஒன்றோ இரண்டோ குறைந்திருக்கலாம், அப்படிக் குறைந்த குழந்தைகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. இதே கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் அது வருகிறது. ஒரே கட்டுரையில் டி.என்.ஏ.வின் நகலும் ஆர்.என்.ஏ.வின் நகலும் மோதினால் மாணவர் எதைப் பிடிப்பார்? படியெடுத்தல் என்பது ஆர்.என்.ஏ.வுக்கென்றே நாம் ஒதுக்கிவிட்ட வினை. அதிலிருந்து பிறந்த படி அந்தக் குழப்பத்தைத் தராது.

படிவு பற்றிய உங்கள் கவலை நியாயமானது. முதல்முறை வரும்போதும் தலைப்புகளிலும் "ஆர்.என்.ஏ. படியிருப்பு" என்று முழுதாக எழுதிவிடுகிறேன், பிறகு படியிருப்பு. வாக்கியம் இப்படி அமையும்: "மலேரியா கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் நியூட்ரோபில் மரபணுக்களின் ஆர்.என்.ஏ. படியிருப்பு உயர்ந்தும், லிம்போசைட் மரபணுக்களின் படியிருப்பு தாழ்ந்தும் காணப்படுகிறது. அணுக்களின் எண்ணிக்கை மாறுவதும் இதற்கு ஒரு காரணம்."

ஒரு குருதி மாதிரியிலுள்ள எல்லாப் படிகளையும் சேர்த்துக் குறிக்க, மரபணுத்தொகைக்கு (ஜீனோம்) இணையாகப் படித்தொகை என்று எழுதப் பார்த்தேன். அகவிலைப்படி, பயணப்படி பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு அது சம்பளப் பட்டியல்போல் தோன்றும். படியெடுப்புத்தொகை சரியாக வருமா ஐயா? அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்து வேண்டும்.