எல்கேஜி பிள்ளையை "அடுத்த வருஷம் கூட்டி வாங்க" என்று அனுப்பினால் அது நீக்கம் இல்லையா?

பவானிக்காரி: ராஜபாட்டை ஐயா நேற்று எழுதியது: "கடிக்கிற பிள்ளையை எல்கேஜியிலிருந்து அனுப்புவதில் தப்பே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 வயது முதல் 14 வரை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் மகனுக்கு மூன்றரை வயது, பேச்சு தாமதம். இரண்டு தடவை கடித்துவிட்டான். மூன்றாவது வாரமே "பேச்சு வந்த பிறகு பார்க்கலாம், டிசி வாங்கிக்குங்க" என்றார்கள். வாய் வராத பிள்ளை கோபத்தைப் பல்லில்தான் காட்டும். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தீர்களா ஐயா? தனியார் பள்ளியில் எல்கேஜி இருந்தால், நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடம் அங்கேயும் உண்டு. மூன்று வயதில்தானே சேர்க்கிறார்கள்? அப்புறம் எங்கிருந்து வந்தது 6 வயது?

ராஜபாட்டை: 2ஆம் பிரிவிலிருந்து வந்தது. 6 முதல் 14. நீங்கள் சொல்லும் 12 சேர்க்கைக்கு மட்டும். நீக்கக் கூடாது என்கிற 16ஆம் பிரிவு தொடக்கக் கல்விக்கு. 31 வருஷம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன். கடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

பவானிக்காரி: நான் சொன்னேன். வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா பெரிதுபடுத்தவில்லை, பள்ளிதான் பெரிதுபடுத்தியது. சேர்க்கும்போது மூன்று வயது செல்லும், அனுப்பும்போது மட்டும் 6 வயதா?

தேனி டீச்சர்: எங்கள் அங்கன்வாடியில் 22 பிள்ளைகள், ஒரு உதவியாளர். கடிக்கிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்று வரும். எப்போது கடிக்கிறது என்று ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். பொம்மையைப் பிடுங்கும்போது, இல்லாவிட்டால் பசிக்கும்போது. யாரையும் அனுப்பியதில்லை.

மதுரை மைந்தன்: அங்கன்வாடி சோறு போடும் இடம் டீச்சர். அங்கே படிப்பு ஏது?

தேனி டீச்சர்: தம்பி, 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது அரசாங்கம். வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். போன வருஷம் சத்துமாவைப் பற்றியும் இப்படித்தான் தெரியாமல் எழுதினீர்கள்.

மதுரை மைந்தன்: அதை இன்னும் விடவில்லையா நீங்கள்?

தேனி டீச்சர்: விடமாட்டேன்.

பவானிக்காரி: சத்துமாவை அப்புறம் பார்க்கலாம். ஐயா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஒரு 16ஆம் பிரிவு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவில் 6 வயது என்ற பேச்சே இல்லை.

ராஜபாட்டை: பேச்சுத் தாமதத்துக்குச் சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா?

பவானிக்காரி: சான்றிதழ் இருந்தால்தான் பிள்ளையா? மூன்றரை வயதில் எந்த டாக்டர் அவசரப்பட்டு எழுதிக் கொடுப்பார்? பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் ஈரோடு போகிறோம். மற்ற பிள்ளைகளோடு இருந்தால்தான் பேச்சு வரும் என்று அங்கே சொல்கிறார்கள், பேச்சு வந்தால்தான் மற்ற பிள்ளைகளோடு இருக்கலாம் என்று பள்ளி சொல்கிறது. என் பிள்ளை எங்கே போவான்? காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் ஐயா.

ராஜபாட்டை: வருத்தம்தான். ஆனால் 2ஆம் பிரிவு, 6 முதல் 14. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

பவானிக்காரி: போன மாதமும் இதையே சொல்லிவிட்டு மறுநாள் வந்தீர்கள். 12ஆம் பிரிவுக்குப் பதில் எழுதிவிட்டுப் போங்கள்.