மூன்று உருவம், ஒரு கீல்

நிஷிகசாயிலிருந்து

மழைக்குக்கூடப் பொம்மைக்கடைப் பக்கம் ஒதுங்காதவன் நான். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, டோக்கியோவின் நாகானோவில், மழைக்குத்தான் ஒதுங்கினேன். ரயில் நிலையத்தின் வடக்கு வாசலிலிருந்து கூரை போட்ட கடைத்தெரு வழியே ஐந்து நிமிடம் நடந்தால் பிராட்வே கட்டடம். 1966இல் திறந்தது. அடித்தளத்தில் காய்கறியும் மீனும் விற்கிறார்கள். மேல் மாடிகளில் பழைய காமிக்ஸ், கைக்கடிகாரம், பொம்மை.

ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் கூடை இருந்தது. அதில் 'ஜங்க்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஜப்பானில் அந்தச் சீட்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு: உடைந்திருக்கலாம், பாகம் குறைந்திருக்கலாம், திருப்பித் தருகிறேன் என்று வராதே. கூடைக்குள் ஒரு வெள்ளைப் போர்விமானம் கிடந்தது. பள்ளி நாட்களில் எனக்கு விமானப் பைத்தியம். மடங்கும் இறக்கையைப் பார்த்ததும் அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 என்று எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு தலை இருந்தது.

இப்படித்தான் எனக்கு வால்கிரி அறிமுகமானது. முழுப்பெயர் விஎஃப்-1. 'மாக்ரோஸ்' என்ற அனிமே தொடர் 1982 அக்டோபர் 3 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதற்காக ஷோஜி கவமோரி வரைந்த இயந்திரம் இது. எஃப்-14ஐப் பார்த்துத்தான் வரைந்தார், ஆகவே என் கண்ணைக் குறை சொல்ல முடியாது. விமானம், மனித உருவ ரோபோ, இரண்டுக்கும் நடுவில் 'கெர்வாக்' என்ற ஓர் அரைகுறைப் பிறவி, ஆக மூன்று உருவம். வேறு பல ரோபோக்கள் திரையில் உருமாறும், கையில் கிடைக்கும் பொம்மையில் பாகத்தைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். இதன் நல்ல பொம்மைகளில் எதையும் கழற்ற வேண்டாம். மடக்கி விரித்தாலே போதும்.

அந்த மடக்கலைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. கால்கள் என்பவை விமானத்தின் இரண்டு எஞ்சின் கூடுகள். அவற்றைக் கீழே இறக்கினால் புகைபோக்கி வாய் இரண்டாகப் பிளந்து பாதமாகிறது. இரண்டு கால்களுக்கும் நடுவே, வயிற்றோடு ஒட்டியபடி, கைகள் ஒளிந்திருக்கும். அவற்றை வெளியே இழுத்தால் கெர்வாக். முழங்கால் பறவைக்கு மடங்குவதுபோல் மடங்கி நிற்கும். இன்னும் மேலே போக வேண்டுமானால், கால்களைத் தாங்கும் கம்பிகள் ஊஞ்சல்போல் ஆடி வந்து மூக்கின் இருபக்கமும் கொக்கியில் பிடிக்க வேண்டும். மூக்கு மடங்கி இடுப்பாகும். விமானி அறைக் கண்ணாடியின்மேல் ஒரு கவசத் தகடு வந்து மூடும். வயிற்றில் தொங்கிய தலை ஒரு சுற்றுச் சுற்றிக் கழுத்தில் வந்து உட்காரும். முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. இப்போது காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

கூடையில் கிடந்ததற்கு வலது தோள் இல்லை. 1/60 அளவு, விலை 1,500 யென். வால்கிரியின் 'உண்மையான' நீளம் 14.23 மீட்டர் என்று கணக்கு, ஆகவே பொம்மை 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் நோய் புரிந்தது. தோளை உடம்போடு இணைக்கும் கீல் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான். நடுவில் ஓர் எஃகு ஊசி. பிளாஸ்டிக் துளை அந்த ஊசியைவிட ஒரு மயிரிழை சிறியது. அழுத்திச் செருகியிருக்கிறார்கள். செருகிய நாள் முதல் அந்த வளையம் உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுகள் கழித்து, யாரும் தொடாமலே, பெட்டிக்குள் இருந்தபடியே பிளக்கும். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அன்று இரவே பன்னிரண்டு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தாராம். என்ன கண்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஊசியை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதன் ஒரு முனை வழவழப்பாக இருக்கும், மறுமுனையில் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருக்கும். வழவழப்பான முனையில் தட்டி, பல் இருக்கும் முனை வழியாக வெளியே தள்ள வேண்டும். நான் மாற்றித் தட்டினேன். பற்கள் துளை முழுவதையும் அரம் போட்டதுபோல் அராவிக்கொண்டு வந்தன. ஒரு தோள் போன பொம்மைக்கு இரண்டாவது தோளையும் போக்கிய பெருமை எனக்கே. கடைசியில் சேகரிப்பாளர் ஒருவர் முப்பரிமாண அச்சில் வார்த்து விற்கும் மாற்றுக் கீல் இரண்டு வாங்கிப் போட்டேன். பொம்மையைவிடக் கீலுக்குத்தான் அதிகம் செலவானது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளை அலுத்துப்போய், 1980களில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் பூசிக்கொண்ட மங்கிய சாம்பல் நிறத்துக்கு மாற்ற ஆசைப்பட்டேன். ஏர்பிரஷ்ஷில் மூன்று சாம்பல், ஒன்றன்மேல் ஒன்று. நன்றாகவே வந்தது. பிறகு தகடுகளின் இணைப்புக் கோடுகளில் கறுப்பு ஓடவிட்டேன், எனாமலில் தின்னரை நிறையக் கலந்து. தூரிகை நுனியைக் கோட்டில் வைத்தால் கறுப்பு தானாக ஓடும், பார்க்கவே ஆனந்தமாக இருக்கும். முழங்கால் மூட்டிலும் ஓடவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில், அறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முழங்கால் தானாகவே இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும் இடத்தில் எனாமல் தின்னர் புகுந்தால் இதுதான் நடக்கும். இந்தத் தொழிலில் கைதேர்ந்த எவரைக் கேட்டாலும் முதல் பாடமாக இதைத்தான் சொல்வார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

உங்களுக்கு என்னவெல்லாம் நேர்ந்தது என்று எழுதுங்கள். என்னுடையதைவிட மோசமாக இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒசாகாவிலிருந்து

அண்ணன் ஆறுதல் கேட்டிருக்கிறார், தருகிறேன்.

என்னிடம் இருப்பது இதன் தாத்தா: தகதோகு என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனம் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே விற்ற 1/55 அளவு வால்கிரி. அந்த நிறுவனம் 1984இல் திவாலாகிவிட்டது. அச்சுகள் பண்டாய் என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போய், அதே பொம்மை திரும்பவும் வார்க்கப்பட்டது. அமெரிக்காவில் 1985இல் ஹாஸ்ப்ரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்று விற்றதும் இதே அச்சில் வந்ததுதான். உரிமைச் சிக்கலால் அந்தக் கார்ட்டூனில் அதன் உருவத்தையும் பெயரையும் மாற்றி ஸ்கைஃபயர் ஆக்கினார்கள். ஒரே பிள்ளை, மூன்று வீட்டில் மூன்று பெயர்.

நிப்போன்பாஷி மின்பொருள் தெருவில் இதை வாங்கினேன். கையில் எடுத்தவுடன் கனம் தெரியும், உள்ளே உலோகம் இருக்கிறது. இன்றைய பொம்மைகளோடு பக்கத்தில் நிறுத்தினால் குண்டுப் பையன்போல் இருப்பான். ஆனால் குழந்தை கையில் கொடுத்து விளையாடத்தக்க பொம்மை இது ஒன்றுதான் என்பேன். மடக்கும்போது 'கடக் கடக்' என்று ஒவ்வொரு மூட்டும் பதில் சொல்லும். அண்ணன் சொல்லும் நகத்தளவுக் கீல் சமாச்சாரமெல்லாம் இதில் கிடையாது.

விலை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், வலது பாதத்தின் அடியில் யாரோ ஒரு பையன் தன் பெயரை மார்க்கர் பேனாவால் ஹிரகனா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதியிருந்தான். ஓர் எழுத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தான், நான்கு வயதோ ஐந்து வயதோ இருக்கும். இப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கியிருக்கும். கடைக்காரர், "அழித்துவிடாதீர்கள், அது வரலாறு" என்றார். நான் கேட்கவில்லை. பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தேன். பெயர் அசையவில்லை. பஞ்சின் மறுமுனை பட்டு, காலில் இருந்த சிவப்புப் பட்டை கரைந்துவிட்டது. இப்போது அந்தச் சிவப்பை நானே பூச வேண்டும். அசல் சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு இருக்கிறது. ஆறு முறை கலந்து பார்த்துவிட்டேன், பொருந்தவில்லை. பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

மஞ்சளான வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டு வெயிலில் வைத்தால் வெளுக்கும், உண்மைதான். ஆனால் ஸ்டிக்கர்களை உரித்தெடுத்துவிட்டுச் செய்யுங்கள், உலோகப் பாகத்தையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் வெளுப்பு திட்டுத்திட்டாக வந்து, தேமல் வந்த முகம்போல் ஆகிவிடும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரவும் கூடும்.

சென்னையிலிருந்து ஒரு குறுக்கீடு

தம்பிகள் இருவரும் கொடுத்து வைத்தவர்கள். 'மாக்ரோஸ்' பொருள்கள் பல காலம் ஜப்பானுக்கு வெளியே முறையாக விற்கப்படவே இல்லை. 1985இல் அமெரிக்காவில் அந்தத் தொடரோடு வேறு இரண்டு தொடர்களையும் ஒட்டுப்போட்டு 'ரோபோடெக்' ஆக்கினார்கள். அதிலிருந்து கிளம்பிய உரிமைச் சண்டை 2021 ஏப்ரலில்தான் ஒப்பந்தத்தில் முடிந்தது. சரி, இனி வாங்கலாம் என்று நாங்கள் நிமிர்ந்தால், இந்தியாவில் பொம்மைக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆகியிருக்கிறது. என்னிடம் வருவதெல்லாம் தங்கை விடுமுறைக்கு வரும்போது தன் பெட்டியில் கொண்டுவரும் ஒன்றிரண்டுதான்.

அதனால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: எனக்கு மடங்கும் பொம்மையே பிடிக்காது. ஹசெகாவா நிறுவனத்தின் 1/72 மாதிரிப் பாகங்களைப் பசையால் ஒட்டிக் கட்டுபவன் நான். விமானத்துக்கு ஒரு பெட்டி, ரோபோவுக்கு வேறு பெட்டி, எதுவும் உருமாறாது. ஆனால் விமானத்தின் மூக்கு மூக்காக இருக்கும். மடங்கும் பொம்மையில் பாருங்கள், வயிற்றில் கைகளை ஒளிப்பதற்காக உடம்பு தடித்திருக்கும், தோளருகே இடைவெளி வாய் பிளந்திருக்கும். மூன்று உருவத்துக்கும் நியாயம் செய்யப் போய் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் திருடியிருப்பார்கள்.

நிஷிகசாயிலிருந்து, மறுபடியும்

சென்னை அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திருட்டு நடக்கிறது. எங்கே, எவ்வளவு திருடுவது என்பதில்தான் கைவண்ணமே இருக்கிறது. கவமோரி உருமாற்றங்களை லெகோ கட்டைகளில் கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்பது இங்கே எல்லாரும் அறிந்த செய்தி. காகிதத்தில் எந்தக் கையும் எந்த வயிற்றுக்குள்ளும் அடங்கிவிடும், கட்டையில் அடங்காது.

இன்னொரு சந்திப்பையும் சொல்லிவிடுகிறேன். சிபா நகரின் மகுஹாரி மெஸ்ஸே கண்காட்சி மண்டபத்தில் கோடையிலும் குளிர்காலத்திலும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைத் திருவிழா நடக்கும். வீட்டுப் பட்டறையில் ரெசினில் வார்த்த பாகங்களைத் தனி ஆட்களே மேசை போட்டு விற்பார்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிமம் வாங்கி விற்பார்கள், மறுநாள் அதே பொருளை விற்க முடியாது. நான் தேடிப் போனது ஒரு தலையை. வால்கிரியின் வகையைத் தலையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்: ஒரு லேசர் குழல் என்றால் விஎஃப்-1ஏ, இரண்டு என்றால் 1ஜே, நான்கு என்றால் அணித்தலைவருக்கான 1எஸ். தலையை மாற்றினால் பதவி உயர்வு. இதைவிடச் சுலபமான மாற்றம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை.

தலை விற்றவர் அறுபது வயதைத் தாண்டியவர். என் சாம்பல் வால்கிரியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை மடக்கிப் பார்த்தார். இறக்கை உடம்புக்குள் நுழையும் இடத்தில் என் சாம்பல் சுரண்டப்பட்டு வெள்ளை தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல் நகத்தை வைத்து ஓட்டிக் காட்டினார். பெயிண்டுக்கும் கனம் உண்டு, அதற்கு இடம்விட்டு முதலில் உப்புத்தாளால் பிளாஸ்டிக்கைத் தேய்த்துக் குறைக்க வேண்டும், அல்லது உரசும் இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூச வேண்டும் என்றார். அலமாரியில் நிற்கும் மாதிரிக்கு இந்தக் கவலை கிடையாது, அண்ணாச்சி கவனிக்கவும். பிறகு மேசைக்கடியிலிருந்து தன் சொந்த வால்கிரியை எடுத்தார். அதன் இறக்கையிலும் அதே இடத்தில் வெள்ளைக் கோடு. சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டார்.

முழங்காலைச் சொல்ல மறந்தேன். பிளந்த இரண்டு பாதியையும் ஒட்டி, குறுக்கே மெல்லிய பித்தளைக் கம்பி செருகினேன். பளபளப்பை அடக்கும் மேட் ஸ்ப்ரே அடித்த அன்று மழைக்காலத்து ஈரப்பதம் சேர்ந்துகொண்டு, விபூதி பூசியதுபோல் வெளுத்துப்போனது. காய்ந்த நாள் பார்த்து மேலே இன்னொரு பூச்சு கொடுத்ததும் கொஞ்சம் தெளிந்தது. தலைக்கு நான்கு குழல் வந்துவிட்டது. இப்போது இடதுகாலைத் தாங்கும் கம்பியின் கொக்கி தேய்ந்துபோய், மூக்கைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. மாற்றுக் கொக்கி வரும்வரை விமானமாகவும் இல்லாமல் ரோபோவாகவும் இல்லாமல் மூன்று மாதமாகக் கெர்வாக்காகவே மேசையில் நிற்கிறது.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து மாமனார் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது என்ன கோழியா?" என்றார்.

விமானம் என்றேன். நம்பவில்லை.