மொழி புரியாமலே ஹிட்டான பாட்டுகள்: நீங்கள் கவனித்தவை

தட்டுப்பெட்டி:
வேற்றுமொழிப் பாட்டு ஒன்று வெளிநாட்டில் ஹிட் என்றால், ஓடியது எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள். நேனாவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்' 1984-ல் அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான ஹாட் 100 பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது ஜெர்மன் மொழியிலேயேதான். அதே வருடம் பிரிட்டனில் முதலிடம் பிடித்ததோ ஆங்கில வடிவம். ஸ்பானியப் பாட்டு 'டெஸ்பாசிட்டோ'வும் அப்படித்தான்: 2017-ல் ஹாட் 100-ல் 16 வாரம் முதலிடத்தில் இருந்தபோது அதில் ஜஸ்டின் பீபர் சேர்ந்து பாடிய ரீமிக்ஸின் கணக்கும் உண்டு.

பழையபாட்டு:
தலைப்பும் ஏமாற்றும். கியூ சாகாமோட்டோவின் ஜப்பானியப் பாட்டு 1961-ல் வந்தது. கண்ணீர் சிந்தாமலிருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறவனின் பாட்டு. 1963-ல் அமெரிக்காவில் 3 வாரம் முதலிடம், ஆனால் 'சுகியாக்கி' என்ற பெயரில்! அது ஓர் இறைச்சிக் குழம்பின் பெயர். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வெளிநாட்டார் வாயில் நுழையட்டும் என்று வைத்தார்கள். எவ்வளவு அழகான பாட்டு, அதற்கு இப்படி ஒரு பெயரா என்று மனசு ஆறவில்லை. தேடும்போது மூலத் தலைப்பு, வெளிநாட்டுத் தலைப்பு இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை விட்டால் பாதித் தகவல் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை:
எதை எண்ணினார்கள் என்பதும் முக்கியம். 'கங்னம் ஸ்டைல்' 2012 டிசம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ. ஆனால் ஹாட் 100-ல் 7 வாரம் 2-ஆம் இடத்திலேயே நின்றுவிட்டது. அப்போது அந்தப் பட்டியல் யூடியூப் பார்வைகளை எண்ணவில்லை. வானொலியில் ஒலிபரப்பானது எண்ணப்பட்டது. கொரியப் பாட்டை வானொலி நிலையங்கள் குறைவாகவே போட்டன. யூடியூப் கணக்கில் சேர்ந்தது 2013 பிப்ரவரியில்தான். ஆகவே அதற்கு முந்தைய இடத்தையும் பிந்தைய இடத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். இன்னொன்று, நாட்டுப் பட்டியலோடு நகரவாரிப் பட்டியலும் கிடைத்தால் பாருங்கள். ஓரிரு நகரங்களில் மட்டும் குவிந்திருந்தால், அங்கே குடியேறிய அந்த மொழிக்காரர்களே கேட்டிருக்கலாம்.

பழையபாட்டு:
சட்டத்தை விட்டுவிட்டோமே. பிரான்சில் 1994-ல் சட்டம் போட்டு, 1996 முதல் வானொலிப் பாடல்களில் 40% பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும் என்றார்கள். தென்கொரியாவில் ஜப்பானிய மொழியில் பாடிய இசைத்தட்டுகளின் விற்பனைக்கு 2004 வரை தடை இருந்தது. அதற்கு முந்தைய கொரிய விற்பனைப் பட்டியலில் ஜப்பானியக் குரல் இல்லாததை ரசனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.