கரண்ட் போய் வந்த பிறகு ஃப்ரீசர்ல இருந்ததை என்ன செஞ்சீங்க?

பள்ளிக்கரணை அக்கா:
மிக்ஜாம் புயல் சமயம், 2023 டிசம்பர். எங்க ஏரியாவுல தண்ணி எப்படி நின்னுதுன்னு சொல்ல வேண்டியதில்ல. மாமியாரைக் கூட்டிக்கிட்டு மேட்டுப்பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப கரண்ட் இருந்தது, ஃப்ரிட்ஜ் ஓடிட்டிருந்தது, ஃப்ரீசர்ல எல்லாம் கல்லு மாதிரி கெடந்தது. மாமியார் மட்டன் கவரை எடுத்துத் தண்ணியில போடப் போனாங்க. என் கண்ணுல பட்டது பட்டாணி பாக்கெட். குலுக்கினா சலசலன்னு உதிரியா ஓடுற பட்டாணி, ஒரே பாளமா ஒட்டியிருந்தது. மட்டன் கவருக்கு அடியில சிவப்பா ஐஸ் வழிஞ்சு தட்டோட ஒட்டிப் போயிருந்தது.

"அத்தை, இது உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, வேண்டாம்"னேன். "இவ்ளோ கெட்டியா இருக்கே!"ன்னாங்க. எல்லாத்தையும் கொட்டிட்டேன். எதிர்வீட்டுலயும் போய்ச் சொன்னேன். "ஐஸ்லதானேம்மா இருந்துச்சு"ன்னு சிரிச்சுட்டு சிக்கன் கழுவப் போயிட்டாங்க. அந்த வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க. அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது.

மதுரை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
அக்கா, நீங்க கொட்டினது சரி. ஆனா இதைப் படிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கரண்ட் போனாலே கொட்டணும்னு யாரும் நினைச்சுடக் கூடாது. கதவைத் திறக்காம வச்சா கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். தனி ஃப்ரீசர் நிறைஞ்சிருந்தா 48 மணி நேரம், பாதி இருந்தா 24. நம்ம சிங்கிள் டோர் ஐஸ் பெட்டிக்கு அந்தக் கணக்கை நம்பாதீங்க.

ஒரு வீட்டுக்குக் கூலிங் வரலைன்னு போனேன். கம்ப்ரசர் நல்லா இருக்கு, கேஸ் இருக்கு. பத்து ரூபா நோட்டைக் கதவுல வச்சு மூடி இழுத்தேன், வழுக்கிக்கிட்டு கையோட வந்துருச்சு. டோர் ரப்பர் போச்சு. உள்ள இருந்த பால் தயிர் வாடை அடிக்குது, அந்தம்மா அதைத்தான் குழந்தைக்குக் காய்ச்சிட்டிருந்தாங்க. எல்லாரும் ஒரு தடவை நோட்டு வச்சுப் பாருங்க. மத்தபடி சந்தேகமா இருந்தா நல்லாக் கொதிக்க வச்சுட்டா போதும்.

ஸ்காபரோ தம்பி:
2013 டிசம்பர், டொரோண்டோ ஐஸ் புயல். மரமெல்லாம் கண்ணாடி பூசின கணக்கா நிண்டுது, கிறிஸ்மஸ் நேரம் கரண்ட் இல்லை. வெளியில மைனஸ்தானே எண்டு அம்மா இறைச்சி, மீன் எல்லாத்தையும் பெட்டியில போட்டு பல்கனியில வைச்சா. விடியப் பார்த்தால் பெட்டி கவிண்டு கிடக்கு, ரக்கூன் எண்ட காட்டு மிருகம் இழுத்த பை பனியில சிதறிக் கிடக்கு. மிச்சத்தை எடுக்கலாம் எண்டு அம்மா குனிஞ்சவ. நான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினன். வெயில் பட்ட பக்கம் இறைச்சி இளகியே இருந்தது. வெளியில குளிர் எண்டு நம்பிச் சாப்பாட்டை வைக்காதேங்கோ. போத்தலில தண்ணியை வெளியில உறைய விட்டு, அந்த ஐஸைக் கொண்டு வந்து பிரிட்ஜுக்குள்ள வையுங்கோ.

குளச்சல் பொண்ணு:
மெக்கானிக் அண்ணா, "கொதிக்க வச்சா போதும்"னு சொன்னதைத் தயவுசெஞ்சு திருத்துங்க. எங்க சித்தி வீட்டுல கரண்ட் போய் வந்த ஃப்ரீசர்ல இருந்த சூரை மீன். குழம்பு தளதளன்னு கொதிச்சதை நானே பாத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்துல சித்தி மகனுக்கு முகம், கழுத்து, காது எல்லாம் செவசெவன்னு ஆயிட்டு, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. அலர்ஜின்னு நெனச்சோம், ஆனா அவன் சின்னதுலேர்ந்து சூரை திங்கிறவன். டாக்டர், மீன்ல உண்டாகிற ஹிஸ்டமின்ங்கிற நஞ்சுன்னு சொன்னாங்க. சூரை, அயிலை மாதிரி மீன் குளிர் இல்லாம கெடந்தா அது ஊறும். ஊறின பிறகு கொதிச்சாலும் போகாது, உறைய வச்சாலும் போகாது. நாத்தம்கூட வரணும்னு இல்ல.

ஈரோடு ரிட்டயர்டு டீச்சர்:
எங்க வீட்டில் கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும், அவ்வளவுதான் என் கதை. ஆனால் சிலதைச் சொல்லியே ஆகணும். ஊருக்குப் போகுமுன் சின்ன டம்ளர் தண்ணியை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். வந்து பார்க்கும்போது காசு அடியில் இருந்தால் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மாமியாரோடு வாதாடவே வேண்டாம், டம்ளரைக் காட்டினால் போதும்.

குளச்சல் பொண்ணு சொன்னது சோற்றுக்கும் பொருந்தும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசி வேகும்போது சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. மீந்த சோற்றைக் குக்கரோடு விடாமல் அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள், ஃப்ரீசர் மைனஸ் 18. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், ரெகுலேட்டரில் இருக்கும் எண் டிகிரி இல்லை. இன்சுலின் இருக்கிற வீட்டில் அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். ஒரு தடவை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் போடக்கூடாது.

பள்ளிக்கரணை அக்கா:
டீச்சர், டம்ளர் இன்னைக்கே வைக்கிறேன். மாமியார் இன்சுலின் போடுறவங்க. எங்களது சிங்கிள் டோர், எந்தத் தட்டுல வைக்கிறது?

மதுரை ஃப்ரிட்ஜ் மெக்கானிக்:
கொதிக்க வைக்கிறது பத்தி குளச்சல் தங்கச்சி சொன்னதையே எடுத்துக்கங்க. அக்கா, இன்சுலினை நடுத்தட்டுல முன்பக்கமா ஒரு டப்பாவுல போட்டு வைங்க. ஐஸ் பெட்டிக்கு நேர் கீழ இருக்கிற ட்ரே வேண்டாம், அங்க பால் பாக்கெட்டே உறைஞ்சு போற வீடுக நிறைய பாத்திருக்கேன்.