நாரோபோட்டுக்குள் தண்ணீர் ஏறும் வழிகள்: அனுபவப் பகிர்வு

(பேசுபவர்கள் படகு வைத்திருக்கும் நால்வர். பெயருக்குப் பதில் அவரவர் படகின் நீளமும் பின்தள வகையும்.)

57 அடி, குரூஸர் ஸ்டெர்ன்:

இங்கிலாந்துக் கால்வாய்களில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். வேகமும் மணிக்கு 4 மைலைத் தாண்டக்கூடாது. இருந்தும் வருஷாவருஷம் நாரோபோட்டுகள், அதாவது ஒடுங்கிய நீண்ட கால்வாய்ப் படகுகள், மூழ்கத்தான் செய்கின்றன. லாக்கில் உள்ள ‘சில்’ (cill) விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சேர்க்கட்டும்.

லாக் என்பது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டி. அதன் மேல்கதவு ஒரு திண்ணையின் மேல் நிற்கிறது. அதுதான் சில். லாக் நிறைந்திருக்கையில் கண்ணில் படாது. இறங்குவதற்காகக் கீழ்க்கதவுப் பேடில்களை (தண்ணீர் விடும் சிறு மடைகளை) திறந்து தண்ணீர் வடிய ஆரம்பித்ததும், பின்னால் ஒதுங்கி நிற்கும் படகின் சுக்கான் அதன்மேல் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டே போகும். முன்தளத்துக் கதவு வரை தண்ணீர் எட்டிவிட்டால் அப்புறம் கதை முடிந்தது.

சில் எதுவரை நீள்கிறது என்பதைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். சுக்கான் உட்பட முழுப் படகும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இன்ஜினை நியூட்ரலில் விட்டால் படகு தானாகப் பின்னுக்கு நகரலாம். மெதுவான முன் கியரில் வைத்திருப்பது நல்லது. மாட்டிக்கொண்டால் வரிசை முக்கியம்: முதலில் கீழ்ப் பேடில்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும், பிறகுதான் மேல் பேடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து லாக்கை நிரப்ப வேண்டும். பதற்றத்தில் மேல் பேடிலுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். டார்டபிக் போல 30 லாக் வரிசையாக வரும் இடத்தில், பத்தாவதுக்கு மேல் எல்லாருக்கும் அலுப்பு தட்டிவிடும். விண்ட்லஸ் (பேடிலைத் திருகும் கைப்பிடி) பிடித்திருப்பவர் படகைப் பார்க்காமல் போனைப் பார்ப்பது அங்கேதான்.

45 அடி, ட்ராட்:

மேலே ஏறும்போதும் இதே ஆபத்து உண்டு, முன்பக்கத்தில். மூக்கு ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் மெத்தை) கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் சிக்கினால், தண்ணீர் ஏற ஏற முன்பக்கம் அமுங்கும். அப்போது வரிசை தலைகீழ்: மேல் பேடிலை மூடிவிட்டுக் கீழ்ப் பேடிலைத் திறக்க வேண்டும்.

கயிறு விஷயமும் சொல்ல வேண்டும். இறங்கும் லாக்கில் கயிற்றை முடிச்சுப் போடவே கூடாது. கரையில் உள்ள குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருந்தால் போதும். டில்லர் (சுக்கானைத் திருப்பும் பிடி) பக்கத்திலேயே நல்ல கத்தி ஒன்று இருக்கட்டும். பக்க ஃபெண்டர்களை லாக்குக்கு முன்பே மேலே தூக்கிவிடுங்கள். படகு 6 அடி 10 அங்குலம், குறுகிய லாக் 7 அடி. நடுவில் ரப்பருக்கு இடம் கிடையாது.

57 அடி, செமி-ட்ராட்:

என்னைக் கேட்டால் சில்லைவிட வீட் ஹாட்ச்தான் மோசம், அதாவது புரொப்பெல்லரைக் கையால் சுத்தம் செய்ய அதன் மேலே உள்ள திறப்பு. சில்லுக்காவது எல்லாரும் பயப்படுகிறார்கள்.

புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றிக்கொண்டால் புகை கருக்கும், வேகம் குறையும், டில்லர் அதிரும். இன்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ஹாட்ச் மூடியைத் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, மீன்பிடி நைலான், மெத்தைக் கம்பி, பர்மிங்ஹாம் பக்கம் போனால் புடவை. புடவைக்கு ரொட்டிக் கத்தி, கம்பிக்கு வயர் கட்டர். தடித்த கையுறை கட்டாயம்: எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், கையில் கீறல் இருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம்.

கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. மூடியைச் சரியாக உட்கார வைக்காமல் கிளாம்பை இறுக்கினாலோ, ரப்பர் கேஸ்கெட் மடிந்திருந்தாலோ, படகு ஓடாமல் நிற்கையில் ஒரு சொட்டும் வராது. த்ராட்டிலைக் கொடுத்ததும் புரொப்பெல்லரே தண்ணீரை அந்த இடுக்கு வழியாக இன்ஜின் அறைக்குள் தள்ளும். பின்பக்கம் தாழத் தாழ இன்னும் வேகமாக வரும். அதனால் மூடியபின் தளப் பலகையைத் திறந்தே வைத்து, முன்னும் பின்னும் நன்றாக த்ராட்டில் கொடுத்து, மூடியைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை.

ஸ்டெர்ன் கிளாண்ட் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) இதைப்போல அவசரம் காட்டாது. ஓடும்போது அவ்வப்போது ஓரிரு சொட்டு விழுவது சரி. நிறுத்தியதும் கிரீஸரை (கிளாண்டுக்குள் கிரீஸ் தள்ளும் திருகை), கைக்கு இறுக்கம் தெரியும்வரை திருகினால் சொட்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிளாண்டின் இரண்டு நட்டையும் சமமாக, நட்டின் ஒரு முகம் அளவுக்குத் திருகுங்கள். ஓட்டிவிட்டுக் கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம், ஷாஃப்ட்டில் கோடு விழும். புதிய பேக்கிங் (கிளாண்டுக்குள் சுற்றும் அடைப்புக் கயிறு) போட்டும் சீக்கிரமே ஒழுகினால் பேக்கிங்கைத் திட்டாதீர்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் அமுங்கி, இன்ஜினும் ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இருக்கும் அலைன்மென்ட் போயிருக்கும்.

45 அடி, ட்ராட்:

அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற பில்ஜ் பம்ப் இருக்கிறதே?

57 அடி, செமி-ட்ராட்:

இருக்கிறது, பேட்டரி இருக்கும்வரை. ஆளில்லாத படகு மூழ்கும் வழி பெரும்பாலும் இதுதான்: கிளாண்ட் சொட்டுகிறது, பம்ப் ஓடி ஓடி பேட்டரியைத் தின்கிறது, பேட்டரி தீர்ந்ததும் பம்ப் நிற்கிறது, சொட்டு மட்டும் நிற்பதில்லை. படகை விட்டுக் கிளம்பும்போது மெயின் ஐசொலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்சை) அணைத்தால் பம்பும் சேர்ந்து அணைகிற மாதிரி வயரிங் இருந்தால் இன்னும் சீக்கிரம். தானியங்கி பம்புக்கு ஐசொலேட்டருக்கு முன்னாலேயே தனி ஃப்யூஸ் போட்டு இணைப்பு எடுக்க வேண்டும். தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பை ஓட்டும் ஃப்ளோட் ஸ்விட்சை மாதம் ஒருமுறை கையால் தூக்கிப் பாருங்கள். கேபிள் டை துண்டு, சருகு என்று எதுவும் அதன் அடியில் சிக்கும்.

லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. கடைசி 20 சதவீதம் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். தினம் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டிவிட்டுப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்தால், சல்ஃபேட் படிந்து ஒரே குளிர்காலத்தில் பாதிக் கொள்ளளவு போய்விடும். டிசம்பரில் சோலாரை நம்ப வேண்டாம்.

60 அடி, ட்ராட்:

எல்லாரும் கால்வாய்த் தண்ணீரையே பேசுகிறீர்கள். படகுக்குள்ளேயே அரை டன் தண்ணீர் இருக்கிறது.

உறைபனியில் குழாய் வெடிக்கும். ஆனால் அப்போது ஒழுகாது. பனி இளகியதும் அழுத்தம் குறைந்ததை உணர்ந்து பம்ப் தானாக ஓடி, முன்பக்க டேங்க்கில் உள்ள 400-500 லிட்டரையும் தரைக்கு அடியில் கொட்டிவிடும். நவம்பரிலேயே செய்ய வேண்டியது: பம்ப் ஸ்விட்சை அணைப்பது, கேலொரிஃபையரையும் (வெந்நீர்த் தொட்டியையும்) குழாய்களையும் வடிப்பது, எல்லாக் குழாய்த் திருகுகளையும் பாதி திறந்தே விடுவது. ஷவர் மிக்ஸரை மறந்துவிடுகிறார்கள். உள்ளே தேங்கும் கொஞ்சம் தண்ணீரே அதைப் பிளக்கப் போதும்.

இன்னொன்று, கரை ஓரத் திட்டு. இரண்டு லாக்குகளுக்கு நடுவே உள்ள கால்வாய்ப் பகுதி (பவுண்ட்) இரவில் ஒழுகி மட்டம் இறங்கினால், இறுக்கிக் கட்டிய படகு ஒருபக்கம் அந்தத் திட்டில் உட்கார்ந்தோ கயிற்றில் தொங்கியோ சாயும். சாய்ந்த பக்கம் சிங்க் வடிகால் துளை தண்ணீர் மட்டத்துக்கு வந்தால் கால்வாய் நேரே சமையலறைக்குள். கயிற்றில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். துளைகள் தண்ணீர் மட்டத்திலிருந்து 250 மி.மீ. உயரத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே அளந்துவிடுங்கள்.

45 அடி, ட்ராட்:

தரைக்கு அடியில் தண்ணீர் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பாலாஸ்ட் கல் (படகு நிலையாக நிற்க வைக்கும் எடை) அடுக்கியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை.

60 அடி, ட்ராட்:

படகு பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்பதால் தண்ணீர் கேபினின் பின்கோடிக்குத்தான் வரும். அங்கே தரையில் திறப்புப் பலகை இல்லையென்றால், கை நுழையும் அளவுக்கு ஒன்று வெட்டுங்கள். டிஷ்யூ பேப்பரை அடித்தகட்டில் அழுத்தி எடுங்கள். ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு, டேங்க்கைக் காலி வைத்து ஒரு வாரம், நிரப்பி ஒரு வாரம் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் மட்டும் ஈரம் வந்தால் குழாயோ டேங்க்கோ ஷவர் டிரேயோ. இரண்டிலும் வந்தால் ஜன்னல் சட்டத்தைப் பாருங்கள்.